அடகுச் சீட்டைப் பிள்ளைகளிடம் காட்டலாமா?

அன்புள்ள ஐயா,

வங்கி, கடன் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வத்தலக்குண்டில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் அரசுக் கல்லூரியில் பி.காம். முதல் வருடம். மகன் பிளஸ் ஒன்.

மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வந்த பத்து நாளில் காலி. எங்கே போனது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஊதாரித்தனம் செய்கிற பெண் இல்லை ஐயா, ஆனால் கையில் காசு நிற்க மாட்டேன் என்கிறது. மகன் கதை வேறு. போனில் பங்குச் சந்தை பற்றி எதையோ பார்த்துவிட்டு, "உங்க பேர்ல டீமேட் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக் குடுங்கம்மா, நான் பாத்துக்கறேன். பேங்க்ல போட்டா ஏழு பர்சென்ட்தான், அதுல என்னம்மா ஆகும்?" என்கிறான். அவன் பேசுவதைக் கேட்டால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தது. அப்போது நகையை 60,000 ரூபாய்க்கு அடகுக் கடையில் வைத்தோம். ரெண்டு வட்டி. மாதாமாதம் வட்டியை மட்டும் தவறாமல் கட்டுகிறோம். மகளுக்கென்று சேர்த்த நகை அது. பிள்ளைகள் இருவருக்கும் இது தெரியாது. "கடன் பேச்சு பிள்ளைங்க காதுல விழக்கூடாது" என்று சொல்லித்தான் என் அம்மா எங்களை வளர்த்தார். நானும் அப்படியே இருக்கிறேன். சரியா?

பிள்ளைகளுக்குப் பணம் பற்றி எங்கிருந்து சொல்லித்தர ஆரம்பிப்பது? மகனுக்கு என்ன பதில் சொல்வது? இன்னொன்று, மகள் பெயரில் நகைக் கடைச் சீட்டில் மாதம் 1,000 ரூபாய் கட்டலாம் என்று யோசிக்கிறேன். கட்டலாமா? பெயர் போட வேண்டாம்.

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

அடகுச் சீட்டைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே காட்டுங்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பணம் பற்றிச் சொல்லித்தரக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சேமிப்பிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முன்பு உண்டியல், பிறகு வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டி, இப்போது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி. அதில் தப்பில்லை. ஆனால் நம்மைப் போன்ற குடும்பங்களில் ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் முதலில் தேடி வருவது கடன்தான். போன் தவணை, பைக் தவணை, கல்விக் கடன், சிநேகிதன் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து. வட்டி என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்குச் சேமிப்பை மட்டும் சொல்லித்தருவது பாதி வேலை. வட்டியைப் படிக்க உங்கள் பீரோவில் இருக்கும் அந்தச் சீட்டைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

நான் வங்கிக் கவுன்ட்டரில் இருந்த காலத்தில், நகைக் கடனுக்கு வரும் வயதான விவசாயிகள் "எத்தனை பைசா வட்டி சார்?" என்றுதான் கேட்பார்கள். 9 சதவீதம் என்று சொன்னால் அந்த நொடியே "முக்கா ரூவா" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் 75 பைசா. 12 சதவீதம் என்றால் ஒரு ரூபாய் வட்டி. பள்ளிக்கூடம் போகாதவர்களும் இந்தக் கணக்கில் தவறியதை நான் பார்த்ததில்லை. துணைக்கு வந்த பேரப்பிள்ளைகளிடம், "பேங்க்ல ஒம்பது, கடையில ரெண்டு, எது தம்பி கம்மி?" என்று கேட்டுப் பார்ப்பேன். காலேஜ் படிக்கிற பிள்ளை "ரெண்டு சார்" என்று சொல்லும். ஒன்று வருடக் கணக்கு, மற்றது மாதக் கணக்கு என்று அந்தப் பிள்ளைக்கு வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டு வட்டிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையாகவும் அது இருக்கும். தாத்தாவிடம் இருந்த கணக்கு ஒரு தலைமுறையில் கைநழுவிப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆகவே உங்கள் மகனிடம் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். சீட்டையும் ஒரு வெள்ளைத் தாளையும் அவன் கையில் கொடுத்து அவனையே போடச் சொல்லுங்கள். ரெண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். 60,000 ரூபாய்க்கு மாதம் 1,200. இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டியது 28,800 ரூபாய். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இப்படியே போனால் ஐம்பதாவது மாதத்தில் வட்டியாக மட்டும் 60,000 ரூபாய் கட்டி முடித்திருப்பீர்கள். நகை அப்போதும் கடைக்காரரின் பெட்டியில்தான் இருக்கும்.

அக்காவுக்கு அரசாங்கம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது, வீட்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய் வட்டியாகப் போகிறது என்பதையும் அவனே கண்டுபிடிப்பான். நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு சதவீதம் போதாது என்கிறானே, அவனுக்கு உங்கள் பதில் இந்தத் தாளிலேயே இருக்கிறது. வருடத்துக்கு 24 சதவீதம் நிச்சயமாகத் தரும் முதலீடு எந்தச் சந்தையிலும் கிடையாது. உங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த அடகில் அசலாக நீங்கள் திருப்பிக் கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயும் வருடத்துக்கு 24 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. சந்தை விழுந்தாலும் அந்த மிச்சம் குறையாது, அதற்கு வரியும் இல்லை. பங்குச் சந்தையில் பல வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர்களே வருடா வருடம் அவ்வளவு சம்பாதித்துவிட முடியாது. உங்கள் மகன் செய்யக்கூடிய முதல் முதலீடு அம்மாவின் நகையை மீட்பதுதான். இதை அவனிடம் மரியாதையோடு சொல்லுங்கள். பதினாறு வயதுப் பையனுக்கு வீட்டில் ஒரு பெரிய மனிதனின் வேலையைக் கொடுத்தால் அவன் செய்வான்.

இனி மீட்கும் வழி. நகையைக் கடையிலிருந்து எடுத்து வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைப்பதுதான் முதல் படி. அங்கே வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், வங்கிக்கு வங்கி முன்னே பின்னே இருக்கும். 60,000 ரூபாய்க்கு மாத வட்டி 450. கடைக்கும் வங்கிக்கும் வித்தியாசம் மாதம் 750, வருடத்துக்கு 9,000 ரூபாய். அந்த 750 மிச்சமாகிறதே என்று செலவு செய்துவிடாதீர்கள். இன்று கட்டும் அதே 1,200 ரூபாயை மாதாமாதம் வங்கியில் கட்டி வாருங்கள். 450 வட்டிக்குப் போகும், மீதி அசலில் கழியும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். 63 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். கூட ஒரு 500 சேர்த்து 1,700 கட்ட முடிந்தால் ஏறக்குறைய மூன்றரை வருடம். இரண்டையும் உங்கள் மகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பி.காம். படிக்கிற பெண், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி எழுதினால் போதும்.

நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வங்கியில் வைப்பதற்கு முன் கடையில் 60,000 ரூபாயைக் கட்டினால்தான் நகை கைக்கு வரும். நம்பிக்கையான சொந்தத்தில் ஒரே நாளைக்குக் கைமாற்றாக வாங்கி, காலையில் மீட்டு, மதியத்துக்குள் வங்கியில் வைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் பலர். அதற்கு வழியில்லை என்றால், ஒரே சீட்டில் இருக்கும் நகைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக மீட்கக் கடைக்காரர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். வங்கிக்குப் போகும்போது மகளைக் கூட்டிப் போங்கள். நகை மதிப்பீட்டாளர் உரசிப் பார்ப்பதையும், கல் எடையும் அரக்கு எடையும் கழிப்பதையும் அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எடை, தங்கத்தின் தரத்தைச் சொல்லும் மாற்று, வட்டி, முடியும் தேதி எல்லாம் வங்கி கொடுக்கும் ரசீதில் இருக்கும். நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கடன். அந்தத் தேதியில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மறந்து விட்டால் நோட்டீஸ் வரும், அதையும் கவனிக்காவிட்டால் ஏலம். அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை மகளிடமே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அம்மா சொன்னதை நான் தப்பு என்று சொல்ல வரவில்லை. கடன்காரர் வாசலில் வந்து கத்தும் காலத்தில், பிள்ளைகள் அதைப் பார்க்கக்கூடாது என்று ஒரு தாய் நினைத்தது நியாயம்தான். ஆனால் பதினாறு வயதிலும் பதினெட்டு வயதிலும் பிள்ளைகளுக்கு வீட்டில் எதுவோ சரியில்லை என்பது தெரிந்துவிடும். மாதத்தில் ஒரு நாள் அப்பா முகம் மாறுவதையும், விசேஷத்துக்குப் போகும்போது அம்மா கழுத்தில் அந்த நகை இல்லாததையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். எவ்வளவு என்று தெரியாததால் இல்லாததையும் சேர்த்துக் கற்பனை செய்வார்கள். கடன் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எவ்வளவு, யாரிடம், எதற்காக வாங்கினோம், எத்தனை மாதத்தில் தீரும் என்று முழுசாகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டுக்காரரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். அவருடைய ஆபரேஷனுக்காக வைத்த நகை. பிள்ளைகள் முன்னால் திடீரென்று அந்தப் பேச்சை எடுத்தால் தன்னால்தான் இந்தக் கடன் என்று அவர் குன்றிப்போவார். அவரே பிள்ளைகளிடம் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

சீட்டைப் பார்த்ததும் உங்கள் மகள், "என்னோட ஆயிரத்தை எடுத்துக்கங்கம்மா" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. முழுசாக வாங்கிக்கொள்ளாதீர்கள். அது அவளுடைய படிப்புக்காக வரும் பணம். 2022 செப்டம்பர் 5 அன்று அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே, அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான். பணம் அவர்கள் கணக்குக்கே நேராகப் போவது ரொம்ப முக்கியமான ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன். ஏடிஎம் அட்டையும் பின் நம்பரும் அவள் கையில் மட்டும் இருக்கட்டும். அப்பா வாங்கி வைத்துக்கொள்வது, அண்ணன் தம்பி எடுத்துக்கொள்வது எதுவும் வேண்டாம். அவளாக மாதம் 200 தருகிறேன் என்றால் மறுக்காமல் வாங்கி, நோட்டில் அவள் பெயரில் எழுதி வையுங்கள்.

சரி, அந்த ஆயிரம் பத்து நாளில் எங்கே போகிறது? இதைக் கண்டுபிடிக்கத் திட்ட வேண்டியதில்லை. போனில் பணம் அனுப்புகிற பிள்ளைக்கு ஒவ்வொரு செலவும் அதிலேயே பதிவாகியிருக்கும். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்ட பிறகு அவளையே அந்தப் பட்டியலைத் திறந்து, ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 20 ரூபாய் டீ, 35 ரூபாய் ஜெராக்ஸ், 49 ரூபாய் டேட்டா, தோழியின் பிறந்தநாளுக்கு 100, பஸ் ஸ்டாண்டில் 30. பெரிய செலவு ஒன்றுமே இருக்காது. அதனால்தான் அவளுக்கு நினைவில்லை. சட்டைப்பையில் நோட்டாக இருந்தால் நூறு ரூபாயை மாற்றும்போது ஒரு தயக்கம் வரும். போனில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யும்போது அந்தத் தயக்கம் வருவதில்லை. எழுதும்போது நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். எதை விட்டிருக்கலாம் என்று அவள் வட்டம் போடட்டும். நண்பர்களுக்குச் செய்த செலவை வீண் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கல்லூரி வயதில் அதுவும் வேண்டும்.

வருமானத்தைப் பாதி தேவைக்கு, முப்பது ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு என்று பிரிக்கச் சொல்லும் சூத்திரங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. 1,000 ரூபாய்க்கு அதெல்லாம் பொருந்தாது. அவளுக்கு ஒரு வழக்கம் போதும்: பணம் வந்த அன்றே 300 ரூபாய் வேறிடம் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்றால் எந்த மாதமும் மிஞ்சாது. அவள் கணக்கு இருக்கும் வங்கியிலேயே ஒரு வருட ஆர்டி போட்டுத் தானாகக் கழியும்படி செய்துவிடலாம். வருட முடிவில் 3,600 ரூபாயும் நூற்றுச்சொச்சம் வட்டியும் கிடைக்கும். பரீட்சைக் கட்டணத்தை அவளே கட்டினால் அந்தப் பணத்தின் அருமை அவளுக்குத் தெரியும். அஞ்சலக ஆர்டி மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஆனால் ஐந்து வருடத் திட்டம். 6.7 சதவீத வட்டிக் கணக்கில் மாதம் 300 கட்டினால் 18,000 கட்டி 21,400 ரூபாய் வாங்கலாம். முதல் தடவை சேமிக்கிற பிள்ளைக்கு ஐந்து வருடம் ரொம்ப நீளம். ஒரு வருடத்தில் பலன் தெரிகிற சேமிப்பை முதலில் முடிக்கட்டும்.

மகளுக்குச் சொந்தக் கணக்கு இருப்பதால் இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளிடம், "உன் அக்கவுண்ட்டை ஒரு மாசம் குடு, கொஞ்சம் பணம் வந்து போகும், உனக்கு ரெண்டாயிரம் தர்றேன்" என்று கேட்டு வருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் தெரிந்த சீனியராகத்தான் இருப்பான். அப்படி வந்து போகும் பணம் யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம். போலீஸ் விசாரணை கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் முதலில் வரும். கணக்கு முடக்கப்படும், வழக்கில் பெயர் சேரும், வேலைக்குப் போகும் வயதில் அந்த வழக்கு கூடவே வரும். அட்டை, சிம், பாஸ்புக் மூன்றையும் எந்தச் சிநேகிதிக்கும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக்கூடாது. அதோடு, நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் போடு, பணம் வரும் என்று எவனாவது சொன்னால் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் திட்டுவார்களோ என்ற பயத்தில் அந்த நேரத்தைத்தான் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், திட்ட மாட்டோம் என்று அவளுக்கு இன்றே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

மகனுக்கு வருவோம். பங்குச் சந்தை சூதாட்டம் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையும் இல்லை, அவன் அடுத்த தடவை உங்களிடம் கேட்கவும் மாட்டான். ஆனால் உங்கள் பெயரில் கணக்கைத் திறந்து அவனிடம் ஒப்படைக்காதீர்கள். லாபமோ நஷ்டமோ வரியோ எல்லாம் உங்கள் பான் எண்ணில்தான் விழும். பதினெட்டு ஆகாதவர் பெயரில் பெற்றோரைக் காப்பாளராகப் போட்டு டீமேட் திறக்க வழி இருக்கிறது. அதில் எப் அண்ட் ஓ, அதாவது பங்கின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் வியாபாரம், செய்ய விடமாட்டார்கள். அவன் உங்கள் பெயரைக் கேட்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

எப் அண்ட் ஓ பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். போனில் லாபத்தைக் காட்டுகிறவன் மீதி ஏழு பேரில் ஒருவனாகவே இருந்தாலும், அந்த 93 பேர் வீடியோ போடுவதில்லை என்பதை மகனிடம் சொல்லுங்கள்.

ஒரு நல்ல கம்பெனியின் பங்கை வாங்கிப் பத்து வருடம் வைத்திருப்பது வேறு விஷயம். அதையும் அவன் முதலில் நோட்டில் செய்து பார்க்கட்டும். எந்தப் பங்கு, என்ன விலை, ஏன் வாங்குகிறேன் என்று தேதி போட்டு எழுதி, ஒரு வருடம் கழித்துப் பார்க்கட்டும். பெரிய கம்பெனிகளின் பங்கு விலைக் குறியீடான நிஃப்டி 2020 ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்து, அதே வருடம் மார்ச் 23 அன்று 7,600 புள்ளிகளுக்கு இறங்கியது. பிறகு மீண்டு மேலேயும் போனது. காத்திருக்க முடிந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஏப்ரலில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட அதை நம்பியிருந்தவர்கள் நஷ்டத்தில் விற்றார்கள். அடுத்த ஐந்து வருடத்தில் தேவைப்படாத பணம் என்று ஒன்று உங்கள் வீட்டில் இப்போது இல்லை. அவனுக்குப் பதினெட்டு ஆகி, அடகும் கொஞ்சம் குறைந்த பிறகு, சொந்த சம்பாத்தியத்தில் மாதம் 500 ரூபாய், நிஃப்டி போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடட்டும். நானே வரவேற்பேன்.

அதுவரை அவனுக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து கொடுங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே கணக்கு திறந்து நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வரம்பை வங்கி முடிவு செய்யும், இருப்புக்கு மேல் எடுக்க முடியாது. லீவு நாளில் அப்பாவோடு லோடு ஏற்றப் போனால் கூலியை அவன் கணக்கில் போடுங்கள். பாத்திரம் கழுவியதற்கும் மார்க் எடுத்ததற்கும் காசு கொடுப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டு வேலை எல்லோருக்கும் உள்ள வேலை.

மாதம் பத்து வட்டி தருகிறோம் என்று கவர்ச்சி காட்டும் கம்பெனிகள் பக்கம் அவன் பேச்சு திரும்பினால் அதே தாளில் இன்னொரு கணக்குப் போடச் சொல்லுங்கள். வங்கியில் வருடத்துக்கு 12 சதவீதத்தில் கடன் கிடைக்கும்போது, வருடத்துக்கு 120 சதவீதம் கொடுத்து நம் பணத்தை ஒருவன் ஏன் வாங்க வேண்டும்? 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் மூடப்பட்டபோது, இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் நிலத்தை விற்றுப் பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். படித்தவர்கள், வாத்தியார்கள் எல்லாம் அதில் இருந்தார்கள்.

பதினெட்டு ஆனதும் பைக் கேட்பான். தவணைக் கடனில் "பத்து பர்சென்ட் ஃபிளாட்" என்பார்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருடத்தில் 30,000 வட்டி, மாதத் தவணை 3,611 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி போட்டிருப்பார்கள். வங்கி முறையில் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம். பிளஸ் டூ முடிந்து படிப்புக் கடன் வாங்க வேண்டி வந்தால், வங்கிகளின் பொதுவான திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள். பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். படிக்கும் காலத்திலேயே வட்டி ஏற ஆரம்பித்துவிடும் என்பது பலருக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரிகிறது. முடிந்த மாதத்தில் அந்த வட்டியை மட்டுமாவது கட்டி வந்தால் பிறகு தவணை இலகுவாகும். இதைப் பற்றி அவன் பிளஸ் டூ முடிக்கும்போது எழுதுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.

நகைக் கடைச் சீட்டு இப்போது வேண்டாம். அந்தச் சீட்டுகள் பெரும்பாலும் பதினோரு மாதத்தில் முடிவதற்குக் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுக்காவிட்டால் கம்பெனிச் சட்ட விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு இந்தச் சீட்டுக்குக் கிடையாது. அதையெல்லாம் விடுங்கள். மகளுக்கென்று வாங்கிய நகை ஒரு கடையில் 24 சதவீத வட்டிக்கு இருக்கும்போது, அதே மகளுக்காக இன்னொரு கடையில் மாதம் 1,000 ரூபாய் கட்டி என்ன பயன்? சீட்டுக்கென்று நினைத்திருந்த அந்த ஆயிரத்தை அடகில் அசலாகக் கட்டுங்கள். வங்கிக்கு மாற்றிய பிறகு 1,200 ரூபாயோடு அதையும் சேர்த்து மாதம் 2,200 கட்டினால் முப்பத்தோரு மாதத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். உங்கள் மகள் மூன்றாம் வருடத்தை முடித்துக் கொஞ்ச காலத்துக்குள் அவளிடமே கொடுத்துவிடலாம்.